ஓனரோடு வந்த கார்

ஆட்களைவிட லாரிகள் அதிகமாக இருக்கிற ஊர் ஒன்று உண்டென்றால் அது எங்கள் ஊர்தான். சங்ககிரி மலையைப் பார்த்தபடி, நெடுஞ்சாலையை ஒட்டி, இந்தப் பக்கம் பாடி கட்டுகிற பட்டறை, அந்தப் பக்கம் டயர் கடை, நடுவில் ஏதோ இடம் மிச்சமிருந்ததால் வீடுகள் என்று இருக்கிற ஊர். பிள்ளை பிறந்தால் ஜாதகம் எழுதுவதற்கு முன்னால் எந்த வண்டியின் நெற்றியில் அந்தப் பேரை எழுதலாம் என்று யோசிக்கிற ஊர். பெண் பார்க்க வந்தால் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்காமல், பேரில் எத்தனை வண்டி என்று கேட்கிற ஊர். அப்படிப்பட்ட ஊரில், சொந்தப் பேரில் ஒரு மொபெட்கூட இல்லாமல் நாற்பது வயது வரைக்கும் வாழ்ந்துவிட்ட ஒரே மனிதர் தார்ப்பாய் சென்னியப்பன்.

லாரிக்குத் தார்ப்பாய் தைப்பது அவர் தொழில். தைத்து முடித்த தார்ப்பாயின் மூலையில் வெள்ளைப் பெயிண்டில் ஓனர் பேரை எழுதிக் கொடுப்பதும் அவரேதான். எங்கள் எல்லோருடைய பேரும் அவர் கையெழுத்தில் அசாம் வரைக்கும் போய் நனைந்துவிட்டு வந்திருக்கிறது, அவர் பேர் மட்டும் எங்கேயும் போனதில்லை. கல்யாணத்துக்கு முன் மாமனார் அந்தக் கேள்வியைக் கேட்டபோது, "வாங்கிருவேனுங்க" என்று சொல்லிப் பூங்கொடியைக் கட்டிக்கொண்டு வந்தவர். அந்த வாங்கிருவேனுக்குப் பிறகு நித்திலா பிறந்து, அவளுக்குப் பல் விழுந்து முளைத்து, மூன்றாம் வகுப்புக்கும் போய்விட்டாள். மாமனார் வீட்டு விசேஷத்துக்கு டவுன் பஸ்ஸில் போய் இறங்கி, மற்ற மாப்பிள்ளைகளின் வண்டிகள் வரிசையாக நிற்கிற இடத்தைக் கடந்து நடக்கிற அந்தக் கொஞ்ச தூரம் அவருக்கு எப்படி எரிந்தது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தன் பேரில் ஒரு வண்டி, அவ்வளவுதான் அவர் ஆசைப்பட்டது.

வண்டி வாங்குவதற்கு எங்கள் ஊரில் ஒரு முறை இருக்கிறது. முதலில் ஆர்.சி. புக்கைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும், புக்கு சுத்தமாக இருந்தால்தான் வண்டியைப் பார்க்க வேண்டும். அப்புறம் சாக்கை விரித்து அடியில் படுத்து, தட்டி, தடவி, ஆயிலை மோந்து பார்த்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். சென்னியப்பன் இதில் ஒன்றையும் செய்யவில்லை. யாரிடமாவது சொன்னால் ஆளுக்கொரு நொட்டை சொல்லிக் கலைத்துவிடுவார்கள் என்று பயந்து, ஒரு சாயங்காலம் தார்ப்பாய்க் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து, வடக்கே வயசான டீசல் கார்களை மலிவாகத் தள்ளிவிடுகிறார்கள் என்று செல்போனில் ஒரு விளம்பரத்தைப் பார்த்து, சோனு என்ற ஒரு குரலிடம் பேசி, சோனு காட்டிய வீடியோவில் ஒரு வெள்ளைக் காரைச் சுற்றிச் சுற்றி வந்து, சோனு முறுக்கிக் காட்டிய இன்ஜின் சத்தத்தை ஸ்பீக்கரில் போட்டுக் கண்ணை மூடிக் கேட்டு, புக்கு எங்கே என்றதற்கு "கூரியர்ல வரும் பாய், டென்ஷன் வேணாம்" என்று அந்தக் குரல் அரைகுறைத் தமிழில் சொன்னதை நம்பிப் பணத்தை அனுப்பிவிட்டார். லாரிக்காரர் ஊரில் பிறந்து வளர்ந்த ஒருவர் இந்தக் காரியத்தைச் செய்வார் என்று யார்தான் நினைத்திருக்க முடியும்?

கார் ஒரு டிரெய்லரின் மேல்தட்டில் வந்து இறங்கியது. சொன்னபடி வெள்ளை, சொன்னபடி சத்தம், ஒரு கீறல்கூட இல்லை. பின் சீட்டில் இடது ஜன்னலோரமாக, சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்டு, மடியில் கை கோத்து ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். டிரெய்லர் டிரைவர் சாவியைச் சென்னியப்பன் கையில் கொடுத்துவிட்டு, "வண்டியோட இவரும் இருந்தாருங்க, வழியில டீயும் ரொட்டியும் வாங்கிக் குடுத்தேன், சக்கரை போடாம குடிக்கிறாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த காரை இறக்க ஈரோட்டுப் பக்கம் போய்விட்டார்.

தெருவே கூடிவிட்டது. எல்லோரும் பெரியவருக்கு வணக்கம் சொன்னோம், அவரும் கண்ணாடியை இறக்கிக் கைகூப்பினார். முப்பது வருஷம் நேஷனல் பர்மிட் லாரி ஓட்டி ஓய்ந்த பக்கத்து வீட்டு மாதேஸ்வரன் முன்னால் வந்து, முறைப்படி கையை நீட்டினார்.

"புக்க எடு சென்னி."

"கூரியர்ல வருதுங்கண்ணா."

"வருதுன்னா?"

"வந்துருமுங்க."

பாடி பட்டறை ஆறுமுகத்தின் சம்சாரம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "புக்கு இல்லாமயா? புக்கு இல்லாமயா வண்டி எடுத்த?" என்று மாதேஸ்வரன் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். அன்றிலிருந்து பத்து நாளைக்குப் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வேன் பிடித்து வந்து, புக்கு இல்லாத காரைப் பார்த்து, டேஷ்போர்டைத் திறந்து உள்ளே ஒன்றுமில்லாததைக் கண்ணால் கண்டு, உச்சுக்கொட்டி, பெண்களாக இருந்தால் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கிளம்புகிறபோது பெரியவரிடம் மரியாதையாக "வர்றோமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மாதேஸ்வரனுக்கு இந்தி தெரியும். தாபாவிலும் செக்போஸ்ட்டிலும் படித்த இந்தி. சாப்பாடு கேட்க, கெஞ்ச, திட்ட, மூன்றுக்கும் போதுமானது. பெரியவரிடம் விசாரித்ததில், பேர் ராம்நிவாஸ் சக்சேனா, கார் தன்னுடையது, தான் இறங்க முடியாது என்று தெரிந்தது. செல்போனில் வண்டி நம்பரைத் தட்டிப் பார்த்தால் அதிலும் அதே பேர்தான் வந்தது. பேர் மாறாமல் வண்டி மட்டும் வந்தால் பேருக்குச் சொந்தக்காரரும் கூடத்தானே வருவார், இதில் என்ன இருக்கிறது என்று ஊர் ஏற்றுக்கொண்டுவிட்டது. நாலு பேர் கைத்தாங்கலாக இறக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கார்க் கதவைச் சாத்திய சத்தம் கேட்டதும் நாற்காலி காலியாக இருந்தது, அவர் சீட்டில் இருந்தார். கதவைச் சாத்தாமலே இறக்கிப் பார்த்தார்கள். தரையில் கால் படுவதற்குள் அவர் சீட்டில் இருந்தார். ராத்திரி பூராவும் கதவுகளைத் திறந்தே வைத்துப் பார்த்ததில் பேட்டரி இறங்கியது, அவர் இறங்கவில்லை.

சோனுவின் நம்பர் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே இருந்ததால், பெரியவரிடமே வீட்டு நம்பரைக் கேட்டு வாங்கி, கார்க் கதவருகே நின்று ஸ்பீக்கரைப் போட்டு, மாதேஸ்வரன் பேசினார். எடுத்தது மகன். ஒவ்வொன்றையும் மாதேஸ்வரன் எங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். உங்கள் அப்பா இங்கே காரில் இருக்கிறார் என்றதற்கு, அப்பா வீட்டில்தான் இருக்கிறார், உள் அறையில் இருக்கிறார் என்றான் மகன். கொஞ்சம் பார்த்துவிட்டு வாருங்கள் தம்பி என்றார் இவர். செருப்புச் சத்தம் போனது, ஒரு கதவு திறந்தது, எங்கோ டிவி ஓடிக்கொண்டிருந்தது, செருப்புச் சத்தம் திரும்பி வந்தது.

"ஆமாம், இல்லை" என்றான் மகன்.

கார் அந்த ஊரைவிட்டுக் கிளம்பி ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. பூங்கொடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த வீட்டில் ஒரு வாரமாக அவருக்குச் சோறு யார் எடுத்து வைத்தார்கள், எடுத்து வைத்தது அப்படியே இருந்ததை யார் பார்த்தார்கள், அல்லது யாருமே எடுத்து வைக்கவில்லையா? பெரியவர் ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டபடி முன் சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். புக்கைப் பற்றிக் கேட்டதற்கு, அதை அப்பா எங்கேயோ வைத்துவிட்டார், தேடித் தேடிக் கிடைக்காமல்தான் வண்டியை அப்படியே விற்றோம், இப்போது அவர் அங்கேதான் இருக்கிறார் என்றால் அவரிடமே கேளுங்கள் என்று சொல்லி மகன் போனை வைத்துவிட்டான். பெரியவரைக் கேட்டால், வைத்தேன், பத்திரமாக வைத்தேன் என்று நெற்றியைத் தடவித் தடவி யோசித்தார், அவருக்கு ஞாபகம் வரவில்லை.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலைகளை முடித்துக் கொடுக்கிற ஏஜென்ட் தனபாலைக் கூட்டி வந்தார் சென்னியப்பன். காரை ஒரு சுற்று சுற்றிவிட்டுத் தனபால் சொன்னது இதுதான்: பேர் மாற்ற புக்கு வேண்டும், புக்கு தொலைந்திருந்தால் ஓனர் வடக்கே தன் ஊரிலேயே நேரில் போய்ப் புகார் கொடுத்து வேறு புக்கு வாங்க வேண்டும், அந்த ஆபீஸ் மூன்றாவது மாடியில் இருக்கிறது.

"காரோடவே கூட்டிட்டுப் போறேனுங்க" என்றார் சென்னியப்பன்.

"கூட்டிட்டுப் போலாம். காரு மாடிப்படி ஏறுமா?"

சென்னியப்பனுக்கு அழுகை வந்துவிட்டது, எங்கள் முன்னாலேயே அழுதார். "பேருக்கு ஒரு வண்டி வாங்கறேன்னு போயி ஆள வாங்கிட்டு வந்துட்டீங்களே" என்று பூங்கொடி அவரைக் காய்ச்சி எடுத்தாள். ஆனால் அவள் கோபமெல்லாம் புருஷன் மேல்தான். வீட்டுக்கு விருந்தாக வந்த ஒறம்பரையைப் பட்டினி போட எங்கள் பக்கத்தில் யாருக்கும் மனசு வராது. விடிந்ததும் இட்லித் தட்டோடு கார்க் கதவைத் திறந்தவள் அவள்தான். காரமான அரிசிப் பருப்புச் சோறு அவருக்குச் சேரவில்லை என்று தெரிந்து தனியாகச் சப்பாத்தி போட்டாள். முடிவெட்டுகிறவர் ஜன்னல் வழியாகவே முகச்சவரம் செய்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும் வாட்டர் சர்வீஸில் காரையும் அவரையும் ஒரே நேரத்தில் குளிப்பாட்டினார்கள், அவருக்கு மட்டும் வெந்நீர். மற்ற விஷயங்கள் எப்படி என்று துருவித் துருவிக் கேட்டவர்களிடம் பூங்கொடி ஒரு மாதம் பேசவில்லை, ஆகவே நாங்களும் அதை விட்டுவிட்டோம்.

நித்திலா பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நேராகப் பின் சீட்டில்தான் ஏறுவாள். தன் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் தேடி எடுத்து, அணில், ஆடு, இலை என்று அவருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தாள். தப்பாகச் சொன்னால் டீச்சர் மாதிரி தொடையில் ஒன்று வைப்பாள். அவரும் "வேண்டாம், போதும், சாப்பிட்டாச்சு, மழை வருது" என்கிற அளவுக்கு வந்துவிட்டார். கல்யாணம், காதுகுத்து, கோவில் கும்பாபிஷேகம் என்று கார் போன இடத்துக்கெல்லாம் அவரும் போனார். பந்தியில் இலை போடுகிறவர்கள் ஓர் இலையைத் தனியாக எடுத்துக் கார்ப் பக்கம் போகப் பழகிக்கொண்டார்கள். பவானி ரோட்டில் ஒரு நாள் போலீஸ்காரர் நிறுத்தி ஆர்.சி. கேட்டபோது, செல்போனில் நம்பரைத் தட்டி, பேரைப் படித்து, உள்ளே எட்டிப் பார்த்து, "ஓனரே வண்டியில இருக்காரே, அப்புறம் என்ன, போங்க" என்று அனுப்பிவிட்டார். அன்று முழுக்கச் சென்னியப்பன் சாப்பிடவில்லை. ஓட்டுவது நான், டீசல் போடுவது நான், ஓனர் மட்டும் வேறு ஆளா என்று அவருக்கு அது அப்படித் தைத்தது.

இப்படியே ஆயுதபூஜை வந்தது. எங்கள் ஊருக்குத் தீபாவளி, பொங்கல் எல்லாம் அதற்கு அப்புறம்தான். அன்றைக்கு ஊரில் இருக்கிற அத்தனை வண்டியும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பேர்கள் புதிதாக எழுதப்பட்டு நிற்கும். மூத்த மகள் பேர் முன் கண்ணாடியில், மகன் பேர் பின்னால், செத்துப்போன அப்பா பேர் பம்பருக்கு மேல். சென்னியப்பன் காரின் கண்ணாடி மட்டும் மொட்டையாக இருந்தது. புக்கில் தன் பேர் ஏறாமல் கண்ணாடியில் எதுவும் ஏற்றமாட்டேன் என்று அவர் வீம்பாக இருந்தார்.

"உங்க பேரு புக்குல வர்றப்ப வரட்டும். புள்ள பேரு கண்ணாடியில இருந்தா ஆரு கேக்கப் போறா?" என்றாள் பூங்கொடி. "ஊரே பாக்குது, மொட்டச் சுவராட்ட நிக்குது வண்டி."

ஸ்டிக்கர் கடை சின்ராசு வந்தார். தங்க நிறத்தில் நித்திலா என்று வெட்டி, பின் கண்ணாடியில் ஒவ்வோர் எழுத்தாக வைத்து, குமிழி இல்லாமல் துணியால் தேய்த்தார். நித்திலா உள்ளே பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து தன் பேர் ஏறுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி எழுத்தைத் தேய்த்து முடித்துக் கையை எடுத்ததும், பின் கதவு திறந்தது, பெரியவர் இடது காலை வைத்து, வலது காலை வைத்து, பூங்கொடி எடுத்துக் கொடுத்த வேட்டியைச் சரிசெய்துகொண்டு இறங்கினார். கதவைச் சாத்தினோம், அவர் நின்றார். திறந்து திறந்து சாத்தினோம், அப்போதும் நின்றார். பெண்கள் குலவையிட்டார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள், மாதேஸ்வரன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், யாரோ அவர் கையில் பொரியும் பொட்டுக்கடலையும் அள்ளி வைத்தார்கள். வெறுங்காலோடு நின்று அவர் மண்ணில் விரல்களை நெளித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எலுமிச்சம்பழம் நசுக்கி முதல் சுற்றுப் போகிற வண்டியில் தெருப் பிள்ளைகள் எல்லாம் ஏறுவது வழக்கம். ஏறினார்கள், கோவில் வரைக்கும் போனார்கள், கத்திக்கொண்டே திரும்பி வந்தார்கள், ஒவ்வொருவராகக் குதித்து இறங்கினார்கள். நித்திலா மட்டும் சீட்டிலேயே இருந்தாள்.

"அப்பா, எறங்க முடியலப்பா" என்றாள்.

சென்னியப்பன் சிரித்துக்கொண்டே போய் அவளைத் தூக்கித் தோளில் போட்டார். இரண்டு அடி வைத்தார். தோளில் யாரும் இல்லை.

ஒரு பெரியவர் காருக்குள் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்ததை நாங்கள் பெரிதாக நினைக்கவில்லை. ஒரு சின்னப்பெண் உட்கார்ந்து "அம்மா" என்று கூப்பிட்டபோதுதான் அது என்ன என்று எங்களுக்கு உறைத்தது. பூங்கொடி கதவில் முட்டிக்கொண்டு அலறினாள். தனபால்தான் முதலில் பேசினார்: புக்கு எங்கேயோ காணாமல் கிடக்கிற வண்டிக்குக் கண்ணாடியில் எழுதியிருப்பதுதான் புக்கு போலிருக்கிறது, எழுதியதை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

சின்ராசு ஓடி வந்து கடைசி எழுத்தின் ஓரத்தில் நகத்தை வைத்தார். பெரியவரின் கையிலிருந்த பொரி கொட்டியது. ஒரு கணம் அவர் தெருவில் நின்றார், மறு கணம் நித்திலாவுக்குப் பக்கத்தில் இருந்தார், மறுபடி தெருவில் நின்றார். சின்ராசு பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டார். எடுத்தால் யார் உள்ளே போவார்கள் என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"எடுங்க" என்றார் பெரியவர், தமிழில். நித்திலா சொல்லிக் கொடுத்ததுதான். "எடுங்க, எடுங்க."

"எடு சின்ராசு!" என்று கத்திய பூங்கொடி, திரும்பி அவருடைய வெறும் கால்களைப் பார்த்தாள். அப்புறம் அவளால் கத்த முடியவில்லை.

வேறு பேரை ஒட்டலாம் என்றார் யாரோ. சாமி பேரை ஒட்டலாமே, முருகன் துணை என்று போடலாமே என்றது ஒரு குரல். உடனே கூட்டத்தில் மூன்று முருகன்கள் "அய்யோ வேண்டாம்" என்று ஒன்றாகக் கத்தினார்கள். மாரியம்மன் என்றால் மாரியம்மாள் இருந்தாள், ஈஸ்வரன் என்றால் மாதேஸ்வரனே இருந்தார். எங்கள் தெருவில் எந்தச் சாமியை எடுத்தாலும் அந்தப் பேரில் ஓர் ஆள் இருக்கிறது. செத்தவர்கள் பேரை ஒட்டலாம் என்று தனபால் ஆரம்பித்ததை, அவர்கள் வந்து உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது என்று யாரும் முடிக்கவிடவில்லை. ஊர் முழுக்க வண்டி நெற்றிகளில் பேர் எழுதிப் பீற்றிக்கொண்டிருந்த நாங்கள் எல்லோரும், யாரும் சொல்லாமலே, அந்தக் காரைவிட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றோம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நகர்ந்தோம்.

"எம் பேர ஒட்டு" என்றார் சென்னியப்பன்.

சின்ராசு அவர் முகத்தைப் பார்த்தார். "அண்ணா..."

"அதுக்குத்தானடா வாங்குனேன். ஒட்டு."

பழைய எழுத்துகளை உரிக்காமலே அதன் மேல் பெரிதாக ஒட்டினார்கள். கடைசி எழுத்தில் துணி பட்டதும் நித்திலா கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்து அம்மாவின் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சென்னியப்பன் நின்ற இடத்தில் அவர் செருப்பு மட்டும் இருந்தது. பின் சீட்டில் சென்னியப்பன், கழுத்தைத் திருப்பித் தன் பேரைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அது இடவலம் மாறித் தெரிந்தது, கொஞ்ச நேரம் அவரால் அதைப் படிக்க முடியவில்லை.

பெரியவரையாவது வீட்டுக்கு அனுப்பி வைப்போம் என்று, தெருவே சேர்ந்து டிக்கெட் எடுத்து, கட்டுச்சோறு கட்டி, மாதேஸ்வரனோடு அவரை ஈரோடு ஜங்ஷனுக்கு அனுப்பினோம். அவர் போகிறபோது கார்க் கண்ணாடிக்கு வெளியே நின்று சென்னியப்பனைப் பார்த்துக் கைகூப்பினார். சென்னியப்பன் தலையாட்டினார். அவர் பயந்துபோயிருந்தார், அது எங்களுக்குத் தெரிந்தது. வேர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது, ஒரு கை கதவுப் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தது. பூங்கொடி அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் மாதேஸ்வரன் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கினார். பின்னாலேயே பெரியவரும் இறங்கினார்.

"ரயிலு வந்துச்சு, ஏறுனாரு, உக்காந்தாரு" என்றார் மாதேஸ்வரன். "வர்றாருன்னு வூட்டுக்கு ஒரு வார்த்த சொல்லலாம்னு போன் போட்டேன். ஸ்பீக்கர்லதான் போட்டேன், பாவி நானு, இவருங் கேக்கட்டும்னு. அப்பாவ ரயிலேத்தி உட்டுட்டேன் தம்பின்னேன். அவன்..."

"என்ன சொன்னானுங்க?" என்றாள் பூங்கொடி.

"எதுக்குன்னு கேட்டான்."

வேறொன்றும் கேட்கவில்லையா என்று நாங்கள் கேட்டோம். வேறொன்றும் கேட்கவில்லை. ரயில் கிளம்பும் முன்னால் பெரியவர் எழுந்து இறங்கிவிட்டாராம். ஆயுதபூஜை நாள், தெரு முழுக்க ஆட்கள், வறுத்த கடலை வாசனை, ஒலிபெருக்கி ஒன்று பாடிக்கொண்டிருந்தது. பெரியவர் யாரையும் பார்க்காமல் நேராகப் பெட்டிக்கடைக்குப் போய் ஒரு பிளேடு வாங்கினார். காரின் பின்னால் போய், கண்ணாடிக்கு வெளியே குனிந்து, சென்னியப்பன் பேரின் கடைசி எழுத்தில் பிளேடை வைத்துச் சுரண்ட ஆரம்பித்தார்.

பூங்கொடி பதறிக் கீழே இறங்கினாள். "வேண்டாங்கய்யா" என்றார் சென்னியப்பன் உள்ளேயிருந்து. "நீங்க ஊருக்குப் போங்கய்யா. எனக்கு ஒண்ணுமில்லீங்க. வேண்டாம்."

"சென்னி சின்னப் பையன்" என்றார் பெரியவர், எழுத்தைச் சுரண்டிக்கொண்டே, ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி. "சென்னி நடக்கும். தாத்தா உட்காரும்."

தங்கத் துகள்கள் பம்பர் மேல் உதிர்ந்தன. சென்னியப்பன் இன்னொரு முறை வேண்டாம் என்றார், இந்த முறை மெதுவாக. எழுத்துகள் குறையக் குறைய அவர் சொல்வதை நிறுத்திவிட்டு, பெரியவரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்க நாங்களும் போகவில்லை. அவர் பேரும் அடியில் இருந்த மகள் பேரும் ஒன்றாகவே உரிந்து, கண்ணாடி மொட்டையானது. பிளேடு தரையில் விழுந்தது, பெரியவர் பின் சீட்டில் இருந்தார், சென்னியப்பன் தெருவில் வெறுங்காலோடு நின்றார்.

அவர் முதலில் செய்தது, குதித்தது. சந்தோஷத்தில் சின்னப்பிள்ளை மாதிரி இரண்டு மூன்று முறை குதித்தார். அப்புறம்தான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். பூங்கொடி அவரிடம் போகவில்லை. வீட்டுக்குள் போய், சுடச்சுடச் சப்பாத்தியும் குழம்பும் எடுத்துக்கொண்டு வந்து, கார்க் கதவைத் திறந்து, மாதக்கணக்காக "ஏனுங்க பெரியவரே" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், தன் மாமனாரைக் கூப்பிடுகிற மாதிரி, "மாமா, சாப்புடுங்க" என்றாள். ரோட்டில் உட்கார்ந்திருந்த சென்னியப்பன் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

அதற்கப்புறம் அவர் ஏஜென்ட் தனபால் வீட்டுப் பக்கம் போகவே இல்லை. வடக்கே யாருக்கும் போன் போடவும் இல்லை. இப்போதும் வெளியூர்க்காரர்கள் யாராவது காரைப் பார்த்து விலை விசாரித்து, புக்கு இருக்கிறதா என்று கேட்டால், நாங்கள் எல்லோரும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வோம். சென்னியப்பன் மட்டும் பின் கதவைத் திறந்து, பெரியவரின் மடியில் உதிர்ந்து கிடக்கிற முறுக்குத் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டே சொல்வார்:

"ஆளே இருக்காரு, புக்கு எதுக்குங்க?"